கட்டிங் மாஸ்டரும் வெளியே போகாத மாத்திரையும்

எங்கள் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேஜை முப்பது அடி நீளம். தலைப்பக்கம் நிற்பவர் கட்டிங் மாஸ்டர், என் அக்காவின் கணவர். கடைசியில் நிற்பது நான். வெட்டி வரும் துண்டுகளில் எண் ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டுப் போடுவது என் வேலை. நான் அதிகம் பேசுவதில்லை. மாமா எனக்கு வைத்த பெயர் வாயில்லாப் பூச்சி.

எண்பது அடுக்குத் துணியை மின்சாரக் கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவார். இடக்கையில் விரலைக் காக்க இரும்பு வலையுறை இருக்கும். வெட்டுவதற்கான கோடு மேல் துணியில் மட்டும்தான். ஆனால் அடியில் கிடக்கும் எண்பதாவது சட்டைக்கும் அதே கழுத்து வர வேண்டும். பதினாறு வயதில் துணி விரிக்க வந்தவர், முப்பது வருடமாகக் கத்தி பிடித்தும் ஒரு கழுத்தைக் கோணலாக்கியதில்லை.

"கத்தி வச்சாச்சுன்னா மேஜைய விட்டு நகரக் கூடாது. துணி சரிஞ்சிரும்" என்பார். பாதியில் பாத்ரூம் போக நேருமே என்று வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்க மாட்டார். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைக்கூட எச்சிலோடு விழுங்குவார். போன வருடம் கால் எரிச்சலுக்கு டாக்டர் ஒரு நரம்பு மாத்திரையும் எழுதினார். மூன்று வேளையும் அக்கா மறக்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

இந்தக் கோடையில் மாமா நின்றுகொண்டே கண் செருகத் தொடங்கினார். நடக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறியது. ஒரு புதன்கிழமை கை வெடுக்கென்று உதறி, எண்பது கழுத்தும் கோணலாகப் போயின.

"என்ன மாஸ்டர், காலையிலேயே ஏத்திட்டு வந்தாச்சா?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள்.

"என் வாயை மோந்து பாருய்யா."

"வாடை வராத சரக்கும் இருக்குல்ல? வர்ற திங்கக்கிழமையிலிருந்து கத்திய வேற ஆள் பிடிக்கட்டும். நாளைக்கு உம்ம விரல் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மாமா மேஜையை விட்டு விலகினார். வலையுறையைக் கழற்றக்கூட அவருக்கு இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. அன்று வீட்டில் அக்காவும் அவர் சட்டையை ரகசியமாக முகர்ந்து பார்த்தாள். அதை அவரும் பார்த்துவிட்டார்.

மாமா கண் செருகத் தொடங்கியதிலிருந்து, ஓரிரு துண்டு லேசாகக் கோணலான நாளிலெல்லாம் வீணான ஸ்டிக்கரின் பின்னால் தேதி எழுதி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக எல்லா நாளும் கோணல். நடுவில் இரண்டே நாள் சுத்தம். அந்த வாரம் என்ன நடந்தது? நரம்பு மாத்திரை தீர்ந்துபோய், வாங்க ஆளில்லாமல் அக்கா புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாத்திரை இல்லாதப்பதான் மாமா கை நேரா இருந்துச்சு. வீட்லகூட அவர் பாத்ரூம் போறத நான் இப்பல்லாம் பாக்கறதே இல்ல."

"அடி இவளே! மருந்து சாப்பிட்டா கை ஆடுமா? பெரிய டாக்டரு!" என்றாள். ஆனாலும் மறுநாளே அவரைக் கிளப்பினாள். நானும் போனேன்.

"வாயில்லாப் பூச்சி கடிச்சிருச்சேம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஸ்டிக்கர்களை வாங்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் கேட்டார்: "இடுப்பு வலி மாத்திரை எத்தனை வருஷமா?"

"கணக்கில்ல டாக்டர்."

"தண்ணியும் குடிக்காம அதையும் போட்டுப் போட்டு சிறுநீரகத்தைப் பாதியாக்கி வச்சிருக்கீங்க. நிறைய மருந்தைக் கல்லீரல் உடைச்சு மாத்தி வெளிய அனுப்பும். இந்த நரம்பு மாத்திரையைக் கல்லீரல் தொடாது. அது அப்படியே சிறுநீரகம் வழியாத்தான் போகணும். உங்களுக்கு நேத்து போட்டதே இன்னும் போய் முடியல, அதுக்குள்ள இன்னைக்கு மூணு."

மாமா கேட்டார்: "நான் வெட்டிக்கிட்டே இருக்கேன், தையல் பக்கம் பாதி மெஷின் ஓடல. கட்டெல்லாம் என் மேஜையிலயே குவியுது. அப்படித்தானே?"

"அதேதான். அந்தக் குவியல்தான் தூக்கமும் நடுக்கமும். வலி மாத்திரையை இன்னையோட விடுங்க. இதை நீங்களா நிறுத்தாதீங்க, அளவை நான் குறைச்சுத் தர்றேன். போன சிறுநீரகம் முழுசா திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தானே மூணு வேளையும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன்."

"நீ விஷமா கொடுத்த? விடு" என்றார்.

டாக்டர் எழுதிய கடிதத்தை சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"எனக்கே தெரியாதத உன்கிட்ட எப்படிய்யா சொல்றது?"

மூன்று வாரம் மாமா துணி விரித்தார், பதினாறு வயதில் செய்த அதே வேலை. கத்தி வேறொருவர் கையில் ஓடியது. ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வார். நான்காம் வாரம், டாக்டர் சரி என்ற பிறகு, பன்னிரண்டு அடுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அடியில் இருந்த கழுத்தை எடுத்து மேலே இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"சரியா இருக்கு மாமா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது அவருடைய தண்ணீர் பாட்டில் என் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. நேற்று எண்பது அடுக்கின் நடுவில் மோட்டாரை நிறுத்தினார். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது.

"என்ன பாக்கறீங்க? மாத்திரைய வழியனுப்பிட்டு வர்றேன். பூச்சி, துணியப் பாத்துக்க."

அவர் வரும்வரை துணி சரியாமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றேன்.