துண்டை உருவிய நாள்

கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் அழகுமலைக்கு இடம் கிடைத்தபோது பழனிசெட்டிபட்டியில் சிரிக்காத வாய் இல்லை. "உழுறதுக்கும் படிப்பா? சாணி அள்ளுறதுக்கு எந்த ஊருக்குப் போய்ப் படிப்பானாம்?" என்று கேட்டார்கள். சட்டம் படித்தவன் வக்கீலாவான், நாலெழுத்து படித்தவன் தாலுகா ஆபீசில் உட்காருவான். மண்ணைப் படித்தவன் என்ன ஆவான் என்று யாருக்குத் தெரியும்? அவனுடைய தாய்மாமன் ராக்கையா ஒருவர்தான், "படிக்கட்டும் அக்கா, நான் இருக்கேன்ல" என்று தமக்கை மாயக்காளுக்குத் தைரியம் சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகரப்பெட்டி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விட்டவரும் அவர்தான். அவர் மகள் ராஜாத்தி அழகுமலைக்குத்தான் என்பது யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்த விஷயம்.

ராக்கையா பருத்தித் தரகர். அந்தத் தொழிலில் வாய்திறந்து விலை பேசுவது கிடையாது. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். அங்கே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. ஒருவனுக்குக் கிடைத்தது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்கிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. அழுத்திய விலையிலிருந்து பின்வாங்குகிற தரகனும் அப்புறம் சந்தையில் தலைகாட்ட முடியாது.

கல்லூரியில் மண், பூச்சி, விதை என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். அழகுமலையின் மனசைப் பிடித்துக்கொண்டது என்னவோ விளைந்ததை விற்கிற பாடம். விளைவித்தவனுக்கே தன் பொருளின் விலை தெரியாவிட்டால் எந்த உரம் போட்டு என்ன பிரயோஜனம் என்று புரிந்த நாளிலிருந்து, மாமன் தோளில் கிடந்த துண்டு அவன் கண்ணை உறுத்தியது. கூடப் படித்தவர்களில் ஒருவன் சர்க்கார் டிமான்ஸ்ட்ரேட்டராகி ஊர் ஊராக விதை கொடுக்கக் கிளம்பினான். ஒருவன் தேயிலை எஸ்டேட்டுக்கும் இன்னொருவன் உரக் கம்பெனிக்கும் போனார்கள். அழகுமலை, தேனியில் புதிதாகத் தொடங்கிய பருத்தி விற்பனைச் சங்கத்துக்குச் செக்கரட்டரியாக வந்தான். அங்கே துண்டு கிடையாது, பகிரங்க ஏலம். பருத்தி புடவையாகவே காய்த்துவிடும் என்று நினைத்தான், பாவம்!

முதல் ஏலம் பங்குனி மாதக் கடைசியில் நடந்தது. சங்கத்துக்கு இன்னும் கூரை போட்டு முடியவில்லை. வெட்டவெளியில் மூட்டைகள் கிடந்தன, முன்வரிசையில் மாயக்காளின் பருத்தி, பக்கத்தில் அவளும். மேற்கே மலைக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த பருத்தியை நாய் கூட மோந்து பார்க்காது. மழைக்கு முன்னால் விற்காவிட்டால் விளைவித்த சம்சாரிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தரகர்களிடமே போய்விடுவார்கள். அதோடு சங்கமும் முடிந்தது, அவன் படித்த படிப்பும் முடிந்தது.

ஸ்டூலில் ஏறி நின்று கத்தினான். "மாயக்காள் பருத்தி! வெலையக் கேளுங்கய்யா!"

வியாபாரிகள் புளியமரத்தடியில் நின்று வெற்றிலை மென்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கத்தினான், அப்போதும் இல்லை.

"என்னய்யா செக்கரட்டரி, வாங்குறவுக வாயில கொழுக்கட்டையா?" என்றான் பிச்சைமணி. மாயக்காளின் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரன். அவன் சிரிக்கவில்லை, வானத்தைப் பார்த்தபடியே கேட்டான். காற்று குளிர்ந்து வீசியது. வண்டிக்காரர்கள் இருவர் மாட்டைப் பூட்டத் தொடங்கினார்கள்.

அப்போது ராக்கையா மரத்தடியிலிருந்து இறங்கி வந்தார்.

"மாப்ளே, கையக் கொடு."

"இங்கன வேணாம் மாமா."

"எம்புட்டு நேரம் இப்படியே நிப்ப? அக்கா பருத்தி நனையப் போகுது. கொடுறா."

கை தானாகப் போனது. சின்ன வயசிலிருந்து பிடித்து நடந்த கை அல்லவா? துண்டு மூடியது. ராக்கையா முதலில் இரண்டு விரலை அழுத்தினார், பிறகு நாலு விரலை. இருபத்துநாலு ரூபாய்! அந்த வாரம் பொதிக்குப் பதினெட்டுக்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

"இது அக்காவுக்கு மட்டும்," என்று காதருகே சொன்னார். "மத்தவுக பருத்திக்குப் பழைய வெலை. எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுட்டு நீயும் எங்கூட வந்துரு. படிச்ச படிப்பு வீணாப் போகாது."

முன்னே போனால் முட்டியது, பின்னே வந்தால் உதைத்தது. ஆத்தாளின் பருத்தி விற்றுவிடும், மாமனும் ராஜாத்தியும் கைவிட்டுப் போகமாட்டார்கள். ஆனால் பிச்சைமணி மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகுமலை யோசித்துச் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தில் செய்தான். வெடுக்கென்று துண்டை உருவிக் கீழே போட்டான்.

"இருபத்துநாலு! மாயக்காள் பருத்திக்கு ராக்கையா கொடுக்குற வெலை!"

நாலு விரலைப் பிடித்த ராக்கையாவின் கை, எல்லார் கண் முன்னாலும் அப்படியே நின்றது. அது லேசாக நடுங்கியது.

"முந்தாநாள் எனக்குப் பதினெட்டுக்கு மேல அழுத்த மாட்டேன்னீகளே!" என்று பாய்ந்து வந்தான் பிச்சைமணி. "ஒரே வரப்பு, ஒரே விதை. அவுக பருத்தி மட்டும் பொன்னாவா வெளஞ்சுச்சு?"

'இவன் பொய் சொல்கிறான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராக்கையா தப்பித்திருப்பார். அவர் அந்த ரகம் இல்லை. தொண்டையைச் செருமினார்.

"அழுத்துனது அழுத்துனதுதான். இருபத்துநாலு."

அந்த வெட்டவெளியில் வாங்குகிறவர் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன முதல் விலை அதுதான். உடனே, இவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவாரோ என்று அரவை மில்காரர் ஒருவருக்குப் பயம் வந்துவிட்டது. "இருபத்தஞ்சு!" என்றார். அப்புறம் யார் வாயையும் மூட முடியவில்லை. பிச்சைமணியின் பருத்தியும் இருபத்தஞ்சுக்கே போயிற்று. முதல் தூறல் விழுவதற்குள் கடைசி மூட்டையும் வண்டி ஏறிவிட்டது. சம்சாரிகள் அழகுமலையைத் தூக்காத குறைதான்.

ராக்கையா துண்டை எடுத்து மண்ணை உதறினார்.

"அக்காவுக்குச் சீரா நெனச்சுக் கொடுத்தேன்டா அத. சந்தையில அவுத்துக் காட்டிட்ட."

மாயக்காள் தம்பி பின்னாலேயே ஓடினாள். அவர் நிற்கவில்லை. அன்று மகனுக்குச் சோறு போட்டவள், "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல அய்யா. எந்தம்பி கை நடுங்குனதப் பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் ராஜாத்திக்குக் கம்பத்தில் கல்யாணம் நடந்தது. இவர்களுக்கு அழைப்பு இல்லை.

அடுத்த பருத்திக் காலத்தில் சங்கத்துக்குக் கூரை வந்திருந்தது. முதல் ஏலத்தன்று வியாபாரிகளோடு ராக்கையாவும் வந்து நின்றார், தோளில் துண்டு இல்லாமல். அழகுமலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து குதித்து ஓடினான்.

"வாங்க மாமா!"

ராக்கையா இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புடுறேன் செக்கரட்டரியாரே. நேரமாகுது, ஏலத்த ஆரம்பிங்க."

அழகுமலை திரும்பி வந்து ஸ்டூலில் ஏறினான். எல்லாரும் விலை சொல்லத் தயாராக நின்றார்கள். முதல் மூட்டைக்காரரின் பெயரைச் சொல்ல அவனுக்குத்தான் குரல் எழும்பவில்லை.