வடக்கே வைத்த தலையணை

ஜப்பானில் அகிதா மலைப்பகுதியில் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதியில் கிகுயே அறைப் பணிப்பெண்ணாகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சூப்பைச் சிந்தியிருக்கிறாள், கிமோனோ தடுக்கி விருந்தினர் முன்னால் குப்புற விழுந்திருக்கிறாள். ஆனால் மெத்தை விரிக்கும்போது ஒருநாளும் வடக்கே தலையணை வைத்ததில்லை. அது பிணத்துக்கு உரிய திசை.

அவள் கணவர் ஷோசோ இறந்தது புத்தாண்டு விடுமுறையில். விடுதி நிரம்பி வழிந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தும், சாப்பாடு பரிமாறி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். வீடு சேர்ந்தபோது அவரை வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஏன் தாமதம் என்று யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த நவம்பரில் முராகோஷி வந்தார். பதினோரு வருடம் மனைவியோடு வந்தவர், இம்முறை தனியாக. கேட்கத் தேவையிருக்கவில்லை. கிகுயே ஒற்றை மெத்தை விரித்துவிட்டு வந்தாள்.

காலையில் அவர் குளிக்கப் போயிருந்த நேரம் மெத்தையை மடிக்க வந்தாள். தலையணை வடக்கே கிடந்தது.

கூட வேலை செய்யும் தொமிகோ எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, உனக்கா இப்படி? புத்தி எங்கக்கா மேயப் போச்சு? பேசாம மடிச்சு உள்ள வை, யாருக்குத் தெரியப்போவுது!"

கிகுயேவுக்கு மனசு கேட்கவில்லை. துண்டும் தோளுமாக முராகோஷி திரும்பியதும் பாயில் நெற்றி படக் குனிந்தாள்.

"மன்னிச்சிருங்கய்யா. தலையணைய மாத்தி வச்சுட்டேன்."

"நீங்க சரியாத்தான் வச்சீங்க. நான்தாம்மா திருப்பிப் போட்டேன். என் வீட்டுக்காரிய அன்னைக்கு இப்படித்தான் படுக்க வச்சாங்க. அவ கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு."

விருந்தினரிடம் கேட்கக்கூடாததைக் கிகுயே கேட்டாள். "என்னங்கய்யா தெரிஞ்சுது?"

"கால்மாட்டுல கதவு. யாரு உள்ள வந்தாலும் மூஞ்சி நேரா தெரியுது."

"எங்க வீட்டுக்காரருக்கு என் மூஞ்சி தெரிஞ்சிருக்காது. நான் லேட்டாப் போனேன். அதுக்குள்ள மூஞ்சில வெள்ளைத் துணி போட்டுட்டாங்க."

அவர் அவள் எதிரே உட்கார்ந்தார். "துணிய எடுத்துப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப அவரும் பாத்திருப்பாரும்மா."

கிகுயே விருந்தினர் அறை என்பதையும் மறந்து வாய்விட்டு அழுதாள்.