புறங்கைத் தழும்பு

உடுமலையில் ஒரு பெண்கள் பள்ளி. வேதியியல் படித்தால் மருந்து கண்டுபிடிக்கும் வேலைக்குப் போகலாம் என்று இன்று பத்தாம் வகுப்புப் பெண்களிடம் பேசிவிட்டு, உக்கடம் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் என் பேச்சைக் கேட்ட ஒரு மாணவி. அவளுக்கு அந்தப்புறம் அவள் அப்பா. அவர் பார்வை என் முகத்தில் இல்லை. வலது புறங்கையில் இருந்த தீக்காயத் தழும்பிலேயே நின்றது.

"ஏனுங்க மேடம், சயின்ஸ் குரூப்புதான் எடுப்பேன்னு இவ ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க. லேப்புல இப்படி வெந்துபோச்சுன்னா நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க? ஃபார்ம்ல காமர்ஸ்னு எழுதிப்போட்டேனுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தலையே தூக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது.

"பன்னெண்டு வருசமா லேப்புல இருக்கேனுங்க. அங்க ஒரு கீறல் விழுந்ததில்லீங்க. இது கல்யாணமான புதுசுல, மாமியார் ஊட்டுப் பணியாரக்கல்லு சுட்டதுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் மெல்லக் கேட்டாள்: "ஏனுங்கப்பா, அப்ப நான் அடுப்படிக்குப் போக வேண்டாங்களா?"



லேப்பில் கையுறை போடாமல் என்னை உள்ளேயே விடமாட்டார்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் எப்படிங்க?