பாங்கோடு வந்த விளம்பரம்

யுத்தம் முடிந்ததும் எங்கள் குடியேற்றம் காலியாகத் தொடங்கியது. தொண்ணூறில் விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து, குறிஞ்சிப்பிட்டிக்குப் பக்கத்தில் கிடுகு வேய்ந்து உட்கார்ந்தவர்கள், திரும்பிப் போகும்போது கதவு, ஜன்னல், கூரைத் தகடு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறிய பள்ளிவாசலின் ஒலிபெருக்கியையும் கழற்றினார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் அது எதற்கு என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் மனைவியும் ஆள்களில்லையா? அவளுக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிளினிக் இருந்தது. அதனால்தான் நாங்கள் போகவில்லை.

ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் கலியாணமாகிக் கட்டாருக்குப் போனபோது விட்டுப்போன கணினி வீட்டில் இருந்தது. ஒருநாள் அதன் முன்னால் உட்கார்ந்து, நேரத்துக்குப் பாங்கு சொல்லும் இலவசப் புரோகிராம் ஒன்றைத் தேடி இறக்கினாள். அது கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அமத்தினாள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு வீட்டுக்குள் பாங்கு ஒலித்தது. சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள்.

“மெஷினுக்கும் முக்காடா?” என்று சிரித்தேன்.

“பாங்கு பாங்குதானே” என்றாள்.

நாலு மாதத்தில் மௌத்தானாள். அவளை அடக்கிய மையவாடி இங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு மன்னார்ப் பேச்சை நான் எடுக்கவில்லை.

விளம்பரங்கள் எப்போது தொடங்கின என்று திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. பத்திரிகை வாசிக்கத் திறந்தால், நான் கேட்காத ஒரு பக்கம் முந்திக்கொண்டு வரும். மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி, உங்கள் கணினிக்கு ஆபத்து என்று பயமுறுத்தும். அரைகுறை உடுப்போடு பெண்கள் வருவார்கள். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தச் சோதனை என்று திரைக்கு ஒரு துவாயைப் போட்டு வைத்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை துவாயை எடுத்தே ஆகவேண்டும். அன்றுதான் மகள் பிரவுசர் வழியாக வீடியோவில் கதைப்பாள். வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம் தவிர, என்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு முகம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை பேரன் கதிரையைப் பிடித்து முதன்முதலாக எழுந்து நின்றான். நான் பார்க்கவில்லை. தலைமயிர் வளர எண்ணெய் விற்கும் ஒருவன் திரை முழுவதும் நின்றான். அவனைத் தள்ளிவிடப் போக, அழைப்பே அறுந்துவிட்டது.

மறுநாள் மகள் டெலிபோனில் வந்தாள்.

“எந்தப் பேஜைத் திறந்தாலும் வருதா வாப்பா?”

“ஓம் மகள்.”

“அப்ப பேஜில குத்தமில்ல. நம்மட கொம்பியூட்டருக்குள்ளதான் என்னமோ ஏறி இருக்கு.”

கணினியில் ஏற்றிய புரோகிராம்களின் பட்டியலைத் திறக்கவைத்து, திகதிப்படி அடுக்கச் சொன்னாள். ஒரே நாளில் நாலு ஏறியிருந்தன. மூன்று பெயர்களை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த மூன்றையும் அவளுக்கு வாசித்தேன், அழித்தேன். பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகளையும் கழற்றினேன். முதல் பக்கத்தைப் பழையபடி மாற்றினேன்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் எண்ணெய்க்காரன் வந்துவிட்டான். திரும்ப அழித்தேன், திரும்ப வந்தான்.

“அண்டைக்கு வேற ஒண்டும் ஏறல்லயா வாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“இல்ல” என்றேன். பொய் சொன்னேன். நாலாவது எது என்று எனக்கு முதல் நாளே தெரியும். மத்தியான லுஹர் பாங்கின் கடைசிச் சொல் ஓய்வதற்குள் அந்தச் சிவப்புப் பெட்டி குதித்து வருவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் பாங்கு சொல்கிற ஒன்றைக் குற்றவாளி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதை அழித்தால் பாவம் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். மனைவி தன் கையால் வைத்தது என்பது மற்றப் பக்கம்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அழைப்பு அறுந்தது. பேரனின் பாதி முகத்தைத்தான் கண்டேன். அதற்கடுத்த வியாழக்கிழமை, அஸர் பாங்கு முடியும்வரை பொறுத்திருந்து, அந்தப் புரோகிராமை அழிக்கும் பொத்தானை அமத்தினேன். ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டது. நாலு காரணம் கொடுத்து, ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னது. என்னுடைய காரணம் அதில் இல்லை. மற்ற மூன்றையும் திரும்பத் தேடி அழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மஃரிப் நேரம் வந்ததே தெரியவில்லை. சுவர் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் எழும்பினேன். அவள் மௌத்தான அன்றுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்று வீட்டில் ஆள்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை படம் துலக்கமாக வந்தது. பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. அரை மணித்தியாலம் ஒரு தடங்கலும் இல்லை. பிறகு மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அங்க அஸர் ஆகியிருக்குமே வாப்பா. உம்மாட பாங்கக் காணல்ல?”

சொன்னேன். நான் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் தெரியும். நீங்க பேரச் சொன்னா நான்தானே அழிக்கச் சொல்லோணும். அதான் துருவிக் கேக்கல்ல.”

நான் எழும்பி, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, காதில் கையை வைத்தேன். பாங்கு சொல்லி எத்தனையோ வருடம். இரண்டாவது ‘அல்லாஹு அக்பர்’ சொல்லும்போதே குரல் உடைந்தது. இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது மகள் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அங்கே அஸருக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.