சாமுராய் கோயிலில் பெரியம்மா

"…அதுவும் இந்தக் குளிருக்கை சப்பாத்தைக் கழட்டி, திருப்பிக் கொழுவி, ஆருக்கு ஏலும்? நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் உந்தக் கல்லிலை இருக்கிறன். இனி ஒரு கோயிலுக்கையும் கால் வைக்கமாட்டன் எண்டு கனடாவிலையே சொல்லிப்போட்டுத்தானே பிளேன் ஏறினனான்" என்று சொன்ன பெரியம்மா, சொன்னபடியே வாசற்கல்லில் உட்கார்ந்தும் விட்டார்.

அது ஜப்பானில், மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய ஊர். அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. ஒரு காலத்தில் சாமுராய்கள் குடியிருந்த ஊர் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கோயில் வாசலுக்கு உள்ளே ஒரு சாமுராய்ப் பிரபுவின் போர்க்கவசம் இருந்தது. வாசலுக்கு வெளியே பெரியம்மா இருந்தார். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

கனடாவின் அஜக்ஸிலிருந்து நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதொன்றுமில்லை. அப்பாவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கம்பனியில் வேலை. எனக்கு மார்ச் விடுமுறை விட்ட நேரம் பார்த்து அவரை ஒரு கிழமைக்கு டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். போவதென்றால் எல்லாரும் போவோம் என்றார் அம்மா. எல்லாரும் என்றால் அம்மாவின் அக்காவான பெரியம்மாவும்தான். பெரியப்பா தவறிய பிறகு அவர் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. தனியே விட்டுப்போக அம்மாவுக்கு மனம் வரவில்லை.

சொந்தக்காரர் சும்மா இருப்பார்களா? எங்கள் ஆட்கள் வாயால் விடுகிற கதைகளைக் கேட்பதற்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம். காசியில் தொலைக்க வேண்டிய பாவத்தை டோக்கியோவில் தொலைத்தால் கணக்கில் சேருமோ என்று பார்க்டேலில் இருந்த அத்தை போனில் கேட்டார். கத்தி பார்க்க இவ்வளவு தூரம் போவானேன், தன் குசினிக்கு வந்தால் காட்டியிருப்பேனே என்றார் சித்தப்பா. ஸ்னோவுக்குப் பயந்து ஆட்கள் கியூபாவுக்குப் போகும் மாதத்தில் ஸ்னோவிலிருந்து ஸ்னோவுக்குப் போகிற ஒரே குடும்பம் நாங்கள்தான் என்றும் அவரே சொன்னார்.

கத்தி என்று அவர் குத்தியது என்னைத்தான். நான் அந்த நாட்களில் சாமுராய்ப் பைத்தியம். உடைந்த ஹொக்கித் தடி ஒன்றுதான் என் வாள். பேஸ்மெண்டில் எனக்குக் கிடைத்த ஒரே எதிரி பெரியம்மா. அவர் சோபாவில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருப்பார். நான் படியிலிருந்து பாய்ந்து வெட்டுவேன். "செத்துப்போனன் குஞ்சு. இனியெண்டாலும் என்னை இலை ஆய விடு" என்பார். எத்தனை தரம் வெட்டினாலும் அலுக்காமல் செத்துக்கொடுப்பார்.

கோயில் பேச்சு எடுத்தால் மட்டும் அந்த முகம் கல்லாகிவிடும். முன்பெல்லாம் அப்படியில்லை. ஸ்காபரோவில் ஒரு கோயில் திருவிழாவில் ஒரு நாள் பெரியப்பா பெரியம்மாவின் உபயம். அந்த நாள் பூசை முழுவதும் அவர்கள் பொறுப்பு. பூசை முடிந்ததும் பழம், பாக்கு, வெற்றிலை வைத்த தட்டை மேளதாளத்தோடு ஐயர் உபயகாரரின் கையில் கொடுப்பார். அதைக் காளாஞ்சி என்பார்கள். பெரியப்பா அதை வாங்குவார், பெரியம்மா பட்டுச் சேலையோடு பக்கத்தில் நிற்பார்.

பெரியப்பா தவறிய அடுத்த வருடமும் அந்த நாள் எங்கள் குடும்பத்துக்கே இருந்தது. ஆனால் கோயில் செயலாளர் அங்கிள் வந்து அப்பாவை முன்னுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். பிறகு பெரியம்மாவிடம் குனிந்து, மிகவும் மரியாதையாக, கொஞ்சம் பின்னுக்கு நிற்கும்படி சொன்னார். பெரியம்மா பின்னால் போய்த் தூணோடு நின்றார். கற்பூரம் காட்டி முடியும் மட்டும் அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்ததை நான் பார்த்தேன். வீடு திரும்பும்போது, 401 நெடுஞ்சாலையில் கார் ஓடிக்கொண்டிருக்க, இனிக் கோயிலுக்கு வரமாட்டேன் என்றார். திருநீறு பூசுவதையும் அன்றோடு விட்டார். ஏன் என்று நான் அம்மாவைக் கேட்டேன். பெரியம்மாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்றார் அம்மா. நான் அப்படியே நம்பினேன். அதற்குப் பிறகு சாம்பிராணி போடுகிற எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கென்று என் பையில் ஒரு மாஸ்க் வைத்திருப்பேன்.

ஜப்பான் பயணத்துக்கு அவர் தலையாட்டியதே, அங்கே எங்கள் கோயில் ஒன்றும் இருக்காது என்ற நிம்மதியில்தான்.

அப்பாவுக்கு வேலையில்லாதிருந்தது ஒரே ஒரு நாள். என் நச்சரிப்புத் தாங்காமல், அந்த நாளுக்கு எங்களுக்கென்றே தனியாக ஒரு வழிகாட்டியை ஒழுங்கு செய்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண், கண்ணாடி போட்டவர். நாங்கள் இருந்ததே நாலு பேர், என்றாலும் அவர் ஒரு நீலக் கொடியை உயர்த்திப் பிடித்தபடிதான் ஸ்டேசனுக்குள் முன்னால் நடந்தார். ரயிலில் அம்மா, விருந்தாளியைப் பட்டினி போட்டுப் பழக்கமில்லாதவர், கறி வைத்து மடித்த ரொட்டி ஒன்றை அவர் கையில் திணித்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் கைலேஞ்சியை விரித்து, ஒரு துகள் சிந்தாமல் சாப்பிட்டார். "நல்லாய் வளத்திருக்கினம்" என்றார் பெரியம்மா. அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண் அவருக்குப் "பிள்ளை" ஆகிவிட்டார். பெரியம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கவசம் ஏன் கோயிலில் இருக்கிறது என்பதையும் வழிகாட்டி ரயிலிலேயே விளக்கினார். அது அந்தப் பிரபுவின் குடும்பக் கோயில். பார்க்க வருகிறவர்கள் முதலில் கவசத்துக்குச் சொந்தக்காரர்களான அந்தச் செத்துப்போனவர்களுக்குத் தணலில் சாம்பிராணித் தூள் போட்டு மரியாதை செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பிக்கு உள்ளறையைத் திறப்பார். பிக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இலங்கையில் பிக்குகளைப் பற்றிய அவருடைய ஞாபகங்கள் வேறு. எனக்குச் சாம்பிராணி என்ற சொல்தான் காதில் விழுந்தது. பையைத் தடவி மாஸ்க் இருக்கிறதா என்று பார்த்தேன்.

இருந்தது. வாசலில் அதை எடுத்து நீட்டவும் நீட்டினேன். பெரியம்மா என் கன்னத்தைத் தடவினாரே தவிர, கல்லை விட்டு எழும்பவில்லை. பகலில் ஒரு தரம்தான் அந்த அறையைத் திறப்பார்கள், அடுத்த ரயிலுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மூன்று பேர்தான் வருகிறார்கள் என்று சொல்ல உள்ளே போனார்.

திரும்பி வரும்போது பிக்குவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வயதானவர், கறுப்பு அங்கி, ஸ்னோவிலும் மரச் செருப்பு. நேரே பெரியம்மாவுக்கு முன்னால் வந்து, இடுப்பு மடியக் குனிந்து கும்பிட்டார். பிறகு ஏதோ சொன்னார். அது வழிகாட்டியின் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் தமிழுக்கு வந்தது.

"ஒரு வீட்டு ஆக்கள் எண்டால் வயசிலை மூத்த ஆள்தான் முன்னுக்கு நிக்கோணுமாம், அக்கா. நீங்கள் இல்லாமல் தொடங்கேலாதாம்."

பெரியம்மா அப்பாவைக் காட்டினார். "ஆம்பிளை உதிலை நிக்கிறார்தானே. தம்பியை நிக்கச் சொல்லு."

பிக்கு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் இளையவர் என்று பதில் வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா சப்பாத்தில் ஒட்டியிருந்த ஸ்னோவைத் தட்டிவிட்டார். பிறகு, "நான் புருசன் இல்லாத மனிசி எண்டதையும் சொல்லு" என்றார்.

அம்மா குனிந்து பெரியம்மாவின் ஜக்கெட் கழுத்தை இழுத்து மூடிவிட்டார்.

"சொல்லடி."

அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். வழிகாட்டியும் அதே தாழ்ந்த குரலில் சொன்னார். பிக்குவுக்கு முதலில் விளங்கவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்பதுபோல் திருப்பிக் கேட்டார். மறுபடி சொன்னார்கள். அவர் கோயிலின் உட்புறத்தைக் கையால் காட்டி நீளமாக ஏதோ பேசினார்.

"தன்ர தாயும் அப்பிடித்தானாம், அக்கா" என்றார் அம்மா. "ஒவ்வொரு காலமையும் உள்ளுக்கு முதல் சாம்பிராணி போடுறது அவவின்ர கையாம்."

பெரியம்மா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். எனக்குக் கவசம் கிடைத்துவிட்ட சந்தோசம். மற்றச் சப்பாத்தை நானே இழுத்துக் கழற்றினேன்.

உள்ளே பலகைத் தரை காலுறைக்குள்ளால் குளிர்ந்தது. ஒரு பெட்டியில் மண்ணிறத் தூள், பக்கத்தில் தணல். எப்படிச் செய்வதென்று வழிகாட்டி வெறுங்கையால் செய்து காட்டினார்: மூன்று விரலால் ஒரு கிள்ளு எடு, நெற்றி வரை உயர்த்து, தணலில் போடு. பிக்கு மந்திரம் சொல்லத் தொடங்கினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நிற்க, பெரியம்மா தனியே முன்னுக்குப் போய் நின்றார். மூன்று விரலால் கிள்ளி எடுத்தார். நெற்றி வரை உயர்த்தினார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் மூன்று விரலில் தூளோடு நெற்றிக்குப் போன எங்கள் ஆட்களின் கை அதற்கு மேல் வேறு என்ன செய்யும்? விரல் மூன்றும் விரிந்தன, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே இழுப்பு. போன கோடையிலிருந்து வெறுமையாகக் கிடந்த நெற்றியில் மண்ணிறத்தில் மூன்று குறி விழுந்தது.

வழிகாட்டி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பிக்குவின் மந்திரம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. பெரியம்மா இதொன்றையும் கவனிக்கவில்லை. இன்னொரு கிள்ளு எடுத்துத் தணலில் போட்டார், புகை குபுகுபுவென்று எழும்பியது. அடுத்த கிள்ளு அப்பாவின் நெற்றிக்கு, அதற்கடுத்தது அம்மாவுக்கு. என் முறை வந்தபோது, தூள் விழாமல் ஒரு கையால் என் கண்ணை மறைத்துப் பூசி, மிச்சத்தை ஊதியும் விட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் எனக்குப் பின்னால் வழிகாட்டி வந்து நிற்கிறார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

"நல்லாயிருப்பாய் பிள்ளை" என்று அவருக்கும் பூசிவிட்டார். பிக்கு விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார், முன்னிலும் உரக்க.

நான் பெரியம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு புகைக்குள்ளும் அவர் இருமவில்லை. ஒரு செருமல்கூட இல்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. கறுப்பு அரக்குப் பூசிய மார்புத் தகடு, சிவப்புக் கயிற்றுப் பின்னல், தலைக்கவசத்தில் பிறை நிலா. நான் பெருவிரலில் எம்பி நின்றபோது, கண்ணாடிப் பெட்டியில் தெரிந்த என் நெற்றிக்குறி சரியாக அந்தத் தலைக்கவசத்தின் மேல் போய் உட்கார்ந்தது. சாமுராய்க்கும் பூசியாயிற்று என்று கத்த வேண்டும் போலிருந்தது. நானூறு பேரை வென்று வந்தவள் போல வெளியே வந்தேன்.

பிறகு சாமுராய்கள் இருந்த தெருவைப் பார்க்கப் போனோம். இரண்டு பக்கமும் கறுப்பு மரவேலி, வேலிக்கு மேலே ஸ்னோ. பெரியம்மா வழிகாட்டியின் கையிலிருந்த நீலக் கொடியைத் தாவென்று வாங்கி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தார். பின்னால் நெற்றிக்குறியோடு நாங்கள் மூன்று பேர், எங்களுக்குப் பின்னால் நெற்றிக்குறியோடு வழிகாட்டி. வேறொரு கூட்டத்து ஜப்பானியக் கிழவர்கள் சிலர், கொடியைப் பார்த்துத் தங்கள் ஆள் என்று நினைத்து, கொஞ்சத் தூரம் எங்களோடு நடந்தார்கள். பெரியம்மா திரும்பிப் பார்த்து, வாங்கோ வாங்கோ என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

கனடாவுக்கு வந்ததும் ஜப்பான் புகை பெரியம்மாவின் வருத்தத்தைச் சுகமாக்கிவிட்டது என்று நான் காணும் ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னேன். வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அந்த வருத்தத்துக்கும் புகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் இருந்தன.

அந்தக் கோடையில் உபய நாள் வந்தது. கேட்காமலே பெரியம்மா பேஸ்மெண்டிலிருந்து ஏறி வந்தார், பட்டுச் சேலையும் நெற்றி நிறைய நீறுமாக. கோயிலில் பூசை முடிந்து, கற்பூரப் புகை மண்டபம் முழுக்க நின்றது. காளாஞ்சித் தட்டோடு ஐயர் வெளியே வந்தார். செயலாளர் அங்கிள் அப்பாவைப் பார்த்து, வாங்கோ முன்னுக்கு என்று கையைக் காட்டினார். வேட்டியோடு நின்ற அப்பா முன்னுக்குப் போகவில்லை. ஒரு பக்கமாக விலகி வழி விட்டார். அங்கிள் "அக்கா, நீங்கள்…" என்று தொடங்கினார், மிச்சத்தை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆருக்கு அடிப்பது என்று விளங்காமல் தவில்காரர் விரலைத் தவிலில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வடிந்தது. இனி அம்மாவுக்கும் புகை ஒத்துக்கொள்ளாதோ என்று நான் பயந்துபோனேன். பெரியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், ஓரடி எடுத்து முன்னுக்கு வைத்தார், இரண்டு கையையும் நீட்டி, ஐயர் யோசித்து முடிப்பதற்குள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.