நாலு ஓட்டையோடு பெங்களூரிலிருந்து உத்தனப்பள்ளி வரை

பித்தப்பைக் கல்லுக்காகக் கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் திரும்பியிருக்கிறேன். 1996 ஜூலையில், ஒரு புதன்கிழமை. என்னைப் போல் அசட்டுத்தனம் செய்யாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். ஒரு போல்ட்டைக் கழற்ற பாதி மெஷினைப் பிரித்துப் போடுகிற ஆள் நான். பெங்களூரு டாக்டர்களோ தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை உருவி எடுத்துவிட்டார்கள். அடேயப்பா! திங்கட்கிழமை ஆபரேஷன், செவ்வாய் நடை, புதன் டிஸ்சார்ஜ். வயிற்றில் நாலே ஓட்டை, பெரியதே கட்டைவிரல் நக அகலம்தான். சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

புதன் காலை எட்டு மணிக்கு, டிபன் முடிந்ததும் நர்ஸ் வலி மாத்திரை கொடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு, மறக்கக் கூடாது என்றார். எனக்குத்தான் வலியே இல்லையே! இத்தனூண்டு ஓட்டைக்கு மாத்திரை எதற்கு என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ராத்திரி போட்ட ஊசிதான் அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பஸ். ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் மனைவி மஞ்சுளா. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் அடைத்து நின்றபோது வலி வந்தது. வயிற்றில் என்றால் சரி, வந்தது வலது தோளில்! மூச்சை இழுத்தால் குத்தியது. என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்த அன்றும் தோள்வலியில்தான் தொடங்கியது. சாயங்காலம் அவர் இல்லை. எனக்கும் அதுதான் என்று பட்டது. மஞ்சுளாவிடம் வாய் திறக்கவில்லை.

ஓசூரில் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துப் போச்சு?"

"தோள் வலிக்குது. அண்ணனுக்கு வந்த மாதிரியே."

உடனே அவள் என்னைப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குக் கூட்டிப்போனாள். பூத்காரர் "குத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, தன் நாற்காலியையே கொடுத்தார். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து மஞ்சுளா நம்பரைச் சுழற்றி, ரிசீவரை என்னிடம் கொடுத்தாள். அதே நர்ஸ்தான் எடுத்தார். காய்ச்சல் உண்டா, நெஞ்சை அழுத்துகிறதா, மூச்சுத் திணறுகிறதா, வாந்தி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னார்:

"வயித்த உப்ப வைக்க கேஸ் ஏத்தினோம் சார். மிச்சம் இருக்கற கேஸ் தோள்ல வலிக்கும், ரெண்டு மூணு நாள்ல போயிடும். அதிகமானா உடனே திரும்பி வந்துடுங்க. காலைல மாத்திரை போட்டீங்களா?"

வயிற்றில் கிடக்கும் வாயு தோளில் போய் வலிக்கிறதாம்! இப்படியும் ஒரு வயரிங்கா என்று வாயைப் பிளந்தேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து மஞ்சுளாவிடம் காட்டினேன்.

"அட கிரகமே! கம்பெனியில மெஷின் கத்துன பிறகா ஆயில் விடுவீங்க?"

இல்லை. சார்ட்டில் மணி போட்டிருக்கும். சத்தம் வரட்டும் என்று காத்திருந்தால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார். பதினோரு வருடம் அதுதான் என் வேலை!

இரண்டு இட்லி தின்று, ஒன்று பத்துக்கு மாத்திரை போட்டேன். அடுத்தது ஒன்பது பத்துக்கு. விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டாகப் போடக் கூடாது என்று நர்ஸ் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே மெல்ல நடந்தேன். இரண்டு மணிக்குள் மூச்சு முழுதாக இழுக்க வந்தது. ஒரு பொட்டு அளவு மாத்திரை! கும்பிடலாம் போல இருந்தது.

இரண்டேகாலுக்கு உத்தனப்பள்ளி பஸ், மாமனார் வீட்டுக்கு. ஆபரேஷனுக்குப் பின் பஸ்ஸில் போகிறவர்கள் நடுப்பகுதியில் உட்காருங்கள், பின்சீட் தூக்கிப் போடும். இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ளுங்கள். மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். ஆஸ்பத்திரி நம்பர் கையில் இருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல் என்றால் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

கெலமங்கலம் தாண்டியதும் மஞ்சுளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது.

"இனிமே வலிச்சா சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"இப்ப?"

"வலிக்குது," என்றேன். "கொஞ்சம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை.