பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாதது

"இதய நிபுணர்கள் இனி என்னென்ன கற்க வேண்டும் என்று கண்டறியவல்ல, துறையின் புதுமைகள் யாவும் அறிந்த மூத்த மருத்துவர்" என்று, நிபுணர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் பாடம் வகுக்கும் பொறுப்பை ஒப்படைத்த மருத்துவமனை ஆணை அவரை வர்ணித்தது. புதிதாக வந்த எக்கோ கருவியில் எதைத் தட்டினால் படம் வரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இளைய மருத்துவர்களைப் பார்க்க விட்டு, "என்ன தெரியுது, நீங்களே சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பவர்போல் கேட்டு வெகுநாளாக ஒப்பேற்றி வந்தார்.

என்ன கற்க விருப்பம் என்று சக நிபுணர்களைக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. பக்கத்து அறைக்காரருக்கு என்ன தெரியாது என்று மாற்றிக் கேட்டார். ஆளாளுக்குக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தபோது மனைவி கேட்டாள், "உங்களைப் பத்தி என்ன சொன்னாங்களாம்?"

"என்னைப் பத்தி என்கிட்டயே எவன் சொல்லுவான்?"

"அப்ப நான் சொல்லட்டுமா? போன வாரம்கூட அந்தப் புது மெஷினை நினைச்சுப் புலம்பினீங்களே."

எக்கோவைப் பாடத்தில் சேர்த்தால் குட்டு உடைந்துவிடும். சேர்க்காவிட்டால் மானம் தப்பும். அவர் எக்கோவையே முதல் வகுப்பாக வைத்தார். இளையவர்கள் நடுவே உட்கார்ந்து, கருவியை எப்படிப் போடுவது என்பதிலிருந்து கேட்டுக் கற்றுக்கொண்டார்.